மரக்கறி லொறியும் மின்விசிறியும்: எஞ்சின் சூட்டை அடக்கும் முறையைத் தெரிந்தெடுத்தல்

விளைவித்த பொருளைப் பழுதின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்த்தலும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும். நாற்றுமேடை தொடங்கி அறுவடை வரை காட்டிய கவனம் முழுவதும், பாரமேற்றிய லொறி இடைவழியில் நின்றுவிடுமாயின் ஓரிரவில் வீணாகிவிடும். போஞ்சியும் கீரையும் தக்காளியும் வண்டி திருத்தப்படும் வரை காத்திருப்பதில்லை. ஆதலின், சொந்தமாக லொறியோ வேனோ வைத்திருக்கும் கமக்காரர், தம் மண்ணின் குணத்தை அறிந்து வைத்திருப்பதுபோல, வண்டியின் எஞ்சின் சூடேறும் வகையையும் அதனைத் தணிக்கும் வகையையும் ஓரளவேனும் அறிந்து வைத்திருத்தல் நன்று.

பழைய லொறிகளில் பட்டியினால் சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பூட்டுவோர் இக்காலத்திற் பலர். விசிறியைத் தெரிந்தெடுப்பதிற் காட்டும் அக்கறையை, அதனை இயக்கும் முறையைத் தெரிந்தெடுப்பதில் அவர்கள் காட்டுவதில்லை. எஞ்சினைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அம்முறையே.

விசிறி எப்போது தேவைப்படுகிறது?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய அதற்கு ஒத்த இன்னொரு பங்கு, எஞ்சினைச் சுற்றியோடும் நீரிற் கலந்து றேடியேற்றரை அடைகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. றேடியேற்றரின் மெல்லிய தகடுகளினூடே காற்று ஓடினாலன்றி அந்த நீர் ஆறாது.

வண்டி மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது, பெரும்பாலும் எதிர்க்காற்றே இவ்வேலையைச் செய்துவிடும். விசிறி வேண்டப்படுவது வேறு வேளைகளிலாகும். வண்டி சந்தை வாயிலில் வரிசையில் ஊரும்போதும், நெல் மூட்டைகளுடன் வயற்பாதையில் முதலாம் கியரில் நகரும்போதும், கோழி எருவை ஏற்றிக்கொண்டு கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதும் எஞ்சின் மிக உழைக்கின்றது. எதிர்க்காற்றோ மிகக் குறைவு. அப்போதே விசிறியின் உதவி இன்றியமையாததாகின்றது.

பட்டி விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழலும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் மெதுவாகச் சுழலும். எஞ்சின் விரைந்து ஓடும்போது தேவையின்றி விரைந்து சுழன்று வலுவை உண்ணும். மின்விசிறியோ எஞ்சினின் வேகத்தைச் சாராது. வேண்டியபோது முழு வேகத்திலும் சுழலும், வேண்டாதபோது நின்றும்விடும். ஆயினும், வேண்டியபோது அதனைச் சுழலச் செய்வது யார் என்னும் வினா உடனே எழுகின்றது.

ஓர் உதாரணம்

வன்னிப் பகுதியிற் கத்தரியும் பச்சைமிளகாயும் செய்கைபண்ணும் ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் தம் லொறிக்கு மின்விசிறி ஒன்று பூட்டி, சாரதி ஆசனத்தருகே ஒரு சுவிச்சையும் வைத்திருந்தார். வெப்பமானியின் முள் உயரும்போது சுவிச்சைப் போடுவார், தாழ்ந்ததும் நிறுத்துவார். ஐந்து ஆண்டுகள் இவ்வாறே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஓடினார். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அவர் காய்ச்சலாய்க் கிடந்த ஒரு நாளில் மகன் லொறியை ஓட்டிச் சென்றான். ஏ-9 வீதியில் தடையின்றி ஓடியவரை முள் அசையவில்லை. சந்தையை அண்மியதும் மழை பிடித்துக்கொண்டது. லொறிகள் நீண்ட வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பையனின் கண் முழுவதும் முன்வண்டியின் பின்விளக்கிலேயே இருந்தது. நீராவி மூடியைத் தாண்டிச் சீறியபோதே அவனுக்குச் சுவிச்சின் நினைவு வந்தது. அதற்குள் எஞ்சின் தலையின் கஸ்கற் எரிந்து, தலையும் வளைந்துவிட்டது. சரக்கு மறுநாட் காலையில் வேறொரு லொறியில் மாற்றப்பட்டு, வாடிய விலைக்கு விற்கப்பட்டது. அடுத்த போகத்துக்கு உரம் வாங்க ஒதுக்கியிருந்த பணம் எஞ்சின் திருத்தத்துக்குச் சென்றது.

கராச்சில் தந்தை மகனைக் கடிந்துகொண்டார். "ஐந்து வருடத்தில் நான் ஒரு நாளாவது மறந்தேனா?" என்றார். மகன் தலைகுனிந்து நின்றான். எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து, "அண்ணை, நீங்கள் மறக்கவில்லை என்பது சரி. ஆனால், ஒருவரும் ஒரு நாளும் மறவாதிருந்தால் மட்டும் பிழைக்கக்கூடிய எஞ்சினையல்லவா தம்பியிடம் கொடுத்து அனுப்பினீர்கள்? அவனைக் கோபிக்க வேண்டாம்" என்றார்.

இம்மறுமொழியில் இத்துண்டுப்பிரசுரத்தின் கருத்து முழுவதும் அடங்கியுள்ளது. குளத்துத் துருசு மனிதன் கையினாலே திறக்கப்படுவது. ஆயினும், குளத்தைக் காப்பதற்குத் துருசுகாரனின் நினைவை மட்டும் நம்பி எவரும் அணை கட்டுவதில்லை. நீர் ஒரு மட்டத்தை அடைந்ததும் தானே பாயும்படி வானும் அமைக்கின்றனர். மின்விசிறிக்கும் அவ்வாறான ஒரு வான் வேண்டும்.

இயக்கும் முறைகள்

1. கைச் சுவிச்சு. செலவு மிகக் குறைவு. பழுதடையும் உறுப்புக்களும் குறைவு. எனினும், மேலே கூறிய குறைபாடு இதனோடு கூடப்பிறந்தது. தனியே இதனை மட்டும் நம்புதல் கூடாது.

2. வெப்பச் சுவிச்சு. இது றேடியேற்றரின் தொட்டியிலோ நீர்க்குழாயிலோ திருகிப் பூட்டப்படுவது. இதனுள்ளே இருவகை உலோகம் சேர்ந்த தகடொன்று உண்டு. குறித்த வெப்பநிலையில் அது வளைந்து மின்சுற்றை இணைக்கும். சில பாகை தணிந்ததும் பிரிக்கும். சுவிச்சின் உடலில் 92-87 என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 92 பாகை செல்சியசில் விசிறி தொடங்கும், 87 பாகையில் நிற்கும் என்பது அதன் பொருள். இவ்விடைவெளி இன்றேல் விசிறி கணந்தோறும் தொடங்கியும் நின்றும் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். வேண்டும்போது வேறெண்ணுக்கு மாற்ற இயலாமை இதன் குறை. எளிமையும் நீடித்த உழைப்பும் இதன் நிறை.

3. மாற்றியமைக்கத்தக்க கட்டுப்படுத்தி. இதன் உணர்கருவி றேடியேற்றர்த் தகடுகளிடையே செருகப்படும், அல்லது நீர்க்குழாயில் பூட்டப்படும். ஒரு குமிழைத் திருப்பி, விசிறி தொடங்கும் வெப்பநிலையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். தகடுகளிடையே செருகும் உணர்கருவி நீரைத் தொடுவதில்லை. தகட்டின் சூட்டையே அறிகின்றது. அதிர்ச்சியால் அது கழன்று விழுந்தால் விசிறி தொடங்காது. ஆகையால், நீருள் மூழ்கியிருக்கும் உணர்கருவியே மேலானது.

4. இருவேக முறை. இருவேறு வெப்பநிலைகளில் இணைக்கும் வெப்பச் சுவிச்சு ஒன்று முதலில் மெதுவான வேகத்தையும், சூடு மேலும் ஏறினால் முழு வேகத்தையும் கொடுக்கும். மெதுவான வேகத்துக்கு ஒரு தடைச்சுருள் இடையில் வைக்கப்படும். இரு விசிறிகள் உள்ள வண்டியில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப்பங்கு வோல்ற்றளவே கிடைக்கச் செய்தலும் உண்டு. ஓசையும் மின்செலவும் குறையும். ஆனால், தடைச்சுருள் எரிந்தால் மெதுவான வேகம் மறைந்துவிடும். முழு வேகம் மட்டும் எஞ்சும்.

5. இலத்திரன் கட்டுப்படுத்தி. இது மின்னோட்டத்தை ஒரு செக்கனிற் பல தடவை துண்டித்துத் துண்டித்துக் கொடுத்து, சூட்டுக்கேற்ப விசிறியின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது. தொடக்கத்தில் மின்னோட்டம் பாய்ந்தெழுவதைத் தடுக்கும், பற்றரிக்கும் நல்லது. விலை அதிகம், பழுதடைந்தால் கிராமத்துக் கராச்சில் திருத்துவது அரிது, தானும் சூடாகக்கூடியதாதலால் காற்றோட்டமுள்ள இடத்திற் பூட்டவேண்டும்.

6. வண்டியின் சொந்தக் கணினி. அண்மைக்கால வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எஞ்சினை ஆளும் கணினியே விசிறியையும் ஆள்கின்றது. நீரின் வெப்பத்தோடு ஏ.சி. இயங்குகின்றதா என்பதையும் அது கணக்கிடும். அத்தகைய வண்டியில் அம்முறையைக் கெடாது வைத்திருத்தலே சிறந்தது. பிழை காணப்படின், வயரை வெட்டி வேறு சுவிச்சு வைக்காமல், பழுதான உறுப்பைக் கண்டு மாற்றுவித்தல் வேண்டும்.

எந்த வெப்பநிலையில் தொடங்கவேண்டும்?

எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்கு நீரை விடும் வாயிலாகத் தேமோஸ்தற் அமைந்துள்ளது. அதன்மீது 82 அல்லது 88 என்பதுபோல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெப்பநிலையில் அது திறக்கத் தொடங்கும். முற்றாகத் திறப்பதற்கு மேலும் பத்துப் பாகையளவு வேண்டும்.

விசிறியை விரைவிலேயே தொடங்கச் செய்தால் எஞ்சின் நன்கு குளிரும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. 82 பாகைத் தேமோஸ்தற் உள்ள எஞ்சினில் விசிறி நிற்கும் வெப்பநிலையை 80 பாகையாக வைத்தால், எஞ்சினை விட்டு வரும் நீர் அவ்வளவு தாழ்வதேயில்லை. ஆகவே விசிறி ஓயாது சுழன்று மின்னை வீணாக்கும். தொடங்கும் வெப்பநிலையை 100 பாகைக்கு மேல் வைப்பதும் ஆபத்தானது. உணர்கருவி மேற்குழாயில் இருக்கும்போது, 82 பாகைத் தேமோஸ்தற்றுக்கு 92 முதல் 95 வரை தொடங்குதலும், அதற்கு ஐந்து பாகை கீழே நிற்றலும் பொதுவாகப் பொருத்தமாகும். உணர்கருவி கீழ்த்தொட்டியில் இருந்தால், அங்கு வரும் நீர் ஏற்கெனவே ஆறியதாதலால், எண்ணைச் சில பாகை குறைத்துக்கொள்ள வேண்டும். வண்டியைச் செய்தோர் தம் கைந்நூலில் வேறெண் கூறியிருப்பின் அதுவே கொள்ளத்தக்கது.

றேடியேற்றர் மூடியையும் இங்கே மறத்தல் ஆகாது. திறந்த பாத்திரத்து நீர் கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும்; 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். நல்ல மூடி நீரை அமுக்கத்தில் வைத்து, கொதிநிலையை 100 பாகைக்கு மேல் உயர்த்துகின்றது. மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருப்பின், விசிறி ஒழுங்காகச் சுழன்றாலும் மலையேற்றத்தில் நீர் பொங்கும்.

றிலே, வயர், பியூஸ்

லொறியின் மின்விசிறி ஒன்று 12 வோல்ற்றில் 10 முதல் 30 அம்பியர் வரை இழுக்கும். தொடங்கும் கணத்தில் இதனினும் பன்மடங்கு இழுக்கும். சிறு சுவிச்சு ஒன்றினூடாக இவ்வளவு மின்னையும் விட்டால் அதன் முனைகள் கருகும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே, எம்முறையைத் தெரிந்தாலும் இடையில் றிலே ஒன்று வைத்தல் கட்டாயமாகும். சிறு மின்னோட்டத்தால் றிலேயை இயக்கினால், றிலே பெரும் மின்னோட்டத்தை இணைக்கும். துருசின் பாரத்தைத் தாங்குவது கதவே. அதைத் திருப்பும் கைக்கு அப்பாரம் இல்லை என்பதை ஒத்தது இது.

பொதுவாக விற்கப்படும் நான்குமுனை றிலேயில் 30 என்னும் முனைக்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயரும், 87 என்னும் முனைக்கு விசிறியும் இணைக்கப்படும். 86க்குத் திறப்புச் சுவிச்சிலிருந்து வரும் வயரும், 85க்கு வெப்பச் சுவிச்சும் இணைக்கப்படும். வெப்பச் சுவிச்சு 85ஐ நிலமுனையோடு சேர்த்ததும் விசிறி தொடங்கும். பிளாத்திக்குத் தொட்டியுள்ள றேடியேற்றரில் உலோகத் தொடர்பு இல்லையாதலால், வெப்பச் சுவிச்சிலிருந்து வண்டியின் உடலுக்குத் தனி வயர் கொடுக்க வேண்டும்.

வயரின் தடிப்பிற் சிக்கனம் செய்தல் கேடாகும். 20 அம்பியர் இழுக்கும் விசிறிக்குப் போகவும் வரவுமாக 4 மீற்றர் நீளமுள்ள செப்பு வயர் செல்கின்றது என்று கொள்வோம். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறக்குறைய 1.4 வோல்ற்று வழியிலேயே அழிந்துவிடும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.4 வோல்ற்றுக்கும் குறைவே அழியும். முந்திய வயரில் விசிறி தளர்ந்து சுழலும், வயரும் சூடாகும். இவ்வளவு விசிறிக்கு 30 அம்பியர் பியூஸ் போதும். அது பற்றரிக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். பியூஸ் எரிந்தால் தகரத்தாளையோ கம்பியையோ சுற்றிப் போடுவது லொறிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

வெப்பச் சுவிச்சோடு கைச் சுவிச்சும்

தானியங்கும் முறையும் பழுதடையலாம். நீர் கசிந்து குறைந்து உணர்கருவி வெறுங்காற்றில் நின்றால், எஞ்சின் எரியும்போதும் அது சூட்டைச் சரிவர அறியாது. ஆகவே, வெப்பச் சுவிச்சுக்குப் பக்கத்துணையாகக் கைச் சுவிச்சொன்றையும் இணைத்தல் நலம். அது வெப்பச் சுவிச்சைப் போலவே 85ஐ நிலமுனையோடு சேர்க்கும்படி அமைந்தால், வெப்பச் சுவிச்சு தவறினாலும் சாரதி விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். விசிறி சுழலும்போது எரியும் சிறு விளக்கொன்றை 87இலிருந்து சாரதியின் கண்ணெதிரே வைத்தால், றிலே வேலை செய்வது ஐயமின்றித் தெரியும்.

மாரிகாலத்தில் நீர் பாயும் தாழ்பாலத்தைக் கடக்க நேரின், சுழலும் விசிறி நீரில் அடிபட்டு அதன் அலகு வளைந்து றேடியேற்றரைக் கிழிக்கக்கூடும். இதற்காக விசிறியை நிறுத்தும் சுவிச்சு வைப்போர், கடந்தவுடன் அதனை மீண்டும் போட மறவாதிருக்க, நிறுத்திய நிலையில் எரியும் சிவப்பு விளக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும். அன்றேல், பழைய கைச் சுவிச்சின் குற்றம் மறுவழியால் திரும்பி வந்துவிடும்.

சோதித்தலும் பேணலும்

வெப்பச் சுவிச்சைப் பூட்டுமுன் ஒரு பாத்திரத்து நீரில் அதன் உலோக முனையை மட்டும் மூழ்கவிட்டு, வெப்பமானியையும் அருகே வைத்து, மெல்லச் சூடாக்கிச் சோதிக்கலாம். சிறு மின்குமிழும் பற்றரியும் இணைத்தால், குறித்த பாகையில் குமிழ் எரியும், ஆறும்போது அணையும். மலைநாட்டில் 95 பாகைச் சுவிச்சை இவ்வாறு திறந்த பாத்திரத்திற் சோதிக்க முயன்று, பழுதென்று எறிந்துவிடுதல் கூடாது. அங்கே நீர் அவ்வளவு சூட்டை அடையுமுன்பே கொதித்துவிடும்.

விசிறியின் வயர்கள் மாறிப் பூட்டப்பட்டால் அது எதிர்ப்பக்கமாகச் சுழன்று, எதிர்க்காற்றை எதிர்த்துத் தள்ளும். காற்று எஞ்சின் பக்கம் செல்கின்றதா என்பதை ஒரு துண்டுக் கடதாசியைப் பிடித்துப் பார்த்தல் போதுமானது.

அறுவடைக் காலத்தில் வைக்கோற்றூளும் பதரும் றேடியேற்றர்த் தகடுகளை அடைத்துவிடும். அடைபட்ட றேடியேற்றருக்கு எத்தகைய கட்டுப்படுத்தியும் பயன்படாது. எஞ்சின் ஆறியபின், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக மெல்லிய நீரோட்டத்தால் அதனைக் கழுவுதல் வேண்டும். நீரை வேகமாகப் பீச்சினால் தகடுகள் மடிந்துவிடும்.

சில வண்டிகளில் திறப்பை எடுத்த பின்னரும் விசிறி தானாகத் தொடங்கும். ஆகையால், கை வைக்குமுன் பற்றரியின் முனையைக் கழற்ற வேண்டும். எஞ்சின் சூடாயிருக்கும்போது றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது.

எவருக்கு எது ஏற்றது?

சந்தைக்கு ஓடும் பழைய லொறிக்கு, நீரில் மூழ்கும் வெப்பச் சுவிச்சும், றிலேயும், துணைக் கைச் சுவிச்சும், காட்டும் விளக்குமே போதுமானவை. விலை குறைவு, உதிரிப்பாகம் சிறு பட்டினத்திலும் கிடைக்கும். மலையேற்றத்தில் அடிக்கடி பாரம் ஏற்றுவோருக்கு இருவேக முறை ஏற்றது. புதிய வண்டிக்காரர் தம் வண்டியின் சொந்த முறையையே பேணுவாராக. ஒன்றை மட்டும் எல்லோரும் தவிர்க்க வேண்டும்: சாரதியின் நினைவு ஒன்றையே காவலாக வைத்தல்.

மேலே கூறிய கமக்காரரின் லொறி இம்முறையிற் திருத்தப்பட்டால், தந்தை அடுத்த பயணத்துக்கும் திறப்பை மகனிடமே அச்சமின்றிக் கொடுக்கலாம். மழையிலும் வரிசையிலும் அவன் கண் வீதியிலேயே இருக்கட்டும். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேறொரு கண் அமைந்துவிட்டது.